ஊத்துப்பட்டி நாலாம் நம்பர் கிணறு

விருதுநகர்
9-9-1963

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஏப்ரல் மாதம் ஊத்துப்பட்டிக்கு வந்து நாலாம் நம்பர் கிணற்றில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்தேன் என்று சர்க்காருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன் அல்லவா? அன்று நான் அந்தக் கிணற்றடிக்குப் போகவே இல்லை. உங்களுக்கும் தெரியும். நான் இருந்தது கிணற்றுக்கு ஐம்பது கஜம் இப்பால், ஓடைக்கரை உடைமரத்துக்குப் பின்னால். முந்தின நாள் பங்குனிப் பொங்கல். அக்கா வைத்த ஈரல் வறுவலை மூன்று முறை வாங்கித் தின்றேன், கை கழுவாமல். ஊர் ஊராக மைக் வைத்து ‘கை கழுவுங்கள்’ என்று கத்துகிற சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கையே வேலை வைத்துவிட்டது. காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தவன் மூன்று மணிக்குத்தான் வேட்டியைச் சரியாகக் கட்டினேன்.

நடுவில் நீங்கள் வந்தீர்கள். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, “ஏலே மாப்ளே, நீ அங்கனயே கெட. பாட்டிலக் குடு, நான் ரொப்பியாரேன்” என்றீர்கள். கொடுத்தேன். கிணறு கிழக்கே இருக்கிறது. நீங்கள் பாட்டிலோடு திரும்பி வந்தது மேற்கிலிருந்து, உங்கள் வீட்டு மேலக்கிணற்றுப் பக்கமிருந்து. குத்தவைத்திருப்பவனுக்குத் திசை தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள். அன்று எனக்கு வேறு சோலி எதுவும் இல்லை மச்சான், நாலு மணி நேரமும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. பாட்டில் மூடியைச் சுற்றி நூல் கட்டி, அரக்கு உருக்கி, முத்திரை வைத்தேன். என் அக்கா புருஷன், பெரிய சம்சாரி, நல்லது செய்ய நினைக்கிறார், ஒரு பாட்டில் தண்ணீரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். எப்போதும் இரண்டு மாதம் இழுக்கிற பட்டணத்து ஆய்வுக்கூடம் அந்தத் தடவை பதினாறே நாளில் ‘குடிக்க உகந்தது’ என்று எழுதி அனுப்பியது. நீங்கள் கிணற்றைக் கீழத்தெரு ஜனங்களுக்குக் கொடையாகக் கொடுத்தீர்கள். உங்கள் ஐயா பேரில் கல் நட்டீர்கள். ஜூலையில் திறப்பு விழாவில் நானும் மாலை வாங்கிக்கொண்டு மைக்கில் பேசினேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், பச்சைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்று அரை மணி நேரம்.

போன வியாழக்கிழமை இங்கே பெரியாஸ்பத்திரி வராந்தாவில் மாடத்தியைப் பார்த்தேன். உங்கள் நிலத்தில் இருக்கிற வெடிக் கம்பெனியில் குழாய் சுருட்டுகிறாளே, ஊர்க்காவலன் பெண்டாட்டி, அவள்தான். மடியில் நாற்பத்திரண்டு நாள் பெண்குழந்தை. உதடும் நகமும் நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “தாய்ப்பாலா, புட்டிப்பாலா, எந்தக் கிணத்துத் தண்ணி?” என்று கேட்டார். அவள் கம்பெனிக்குத் திரும்பிவிட்டதால் பகலெல்லாம் பசும்பாலில் தண்ணீர் கலந்துதான் கொடுத்திருக்கிறார்கள். கிணறு எது என்று நான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் குழந்தை போய்விட்டது.

அந்தக் கிணற்றுக்கு நாற்பதடி தள்ளிக் கம்பெனிக்காரர்கள் வெடியுப்புச் சாக்கை அலசி ஊற்றுகிற குழி இருக்கிறது. டாக்டர் சந்தேகப்படுவது அதைத்தான். மச்சான், நான் மறுபடி தண்ணீர் எடுத்து அனுப்புகிறேன். முடிவு வருகிற வரைக்குமாவது கிணற்றை மூடி வையுங்கள். ஊரில் உங்கள் ஒரு சொல் போதும். அக்காவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
சீனிவாசகம்

*

ஊத்துப்பட்டி
16-9-63

மாப்பிள்ளை சீனிவாசகத்துக்குச் சங்கையா எழுதுவது.

உன் வயிற்றுப்போக்குச் சரித்திரம் வந்து சேர்ந்தது. கார்டில் எழுதாமல் கவரில் எழுதினாயே, அந்த மட்டுக்குப் புத்தி இருக்கிறது. எங்கள் தபால்காரருக்கு உடைமரத்தைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வந்திருக்கும்.

ஒன்று கேட்கிறேன். பாட்டில் உன்னுடையது. முத்திரை உன்னுடையது. ‘என் கண்முன் எடுக்கப்பட்டது’ என்று அச்சடித்த காகிதத்தில் கையெழுத்து உன்னுடையது. இதில் சங்கையா எங்கே வருகிறான்? கிழக்கே போனேன், மேற்கே வந்தேன் என்கிறாய். என் நிலத்தில் நான் எட்டுத் திக்கிலும் நடப்பேன்.

அந்தத் தண்ணீர் விஷம் என்கிறாய். அதே கிணற்றுத் தண்ணீர் பாய்கிற மிளகாய்த் தோட்டத்தை வந்து பார். இடுப்புயரச் செடி, இலை கறுத்துப் போய்ப் பச்சை. இந்தப் பக்கம் பத்து ஊரில் அப்படி ஒரு மிளகாய் கிடையாது. விஷத்தில் மிளகாய் விளையுமா? கீழத்தெருவில் நூற்றிருபது பேர் இரண்டு மாதமாகக் குடிக்கிறார்கள். ஊர்க்காவலன் குடிக்கிறான். மாடத்தி குடிக்கிறாள். அவர்கள் எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். குழந்தை போனது கஷ்டம்தான். எந்தக் குழந்தைதான் இந்த ஊரில் நோய் வராமல் இருந்தது?

மூடச் சொல்கிறாய். எப்படி மூடுவது? போன வருஷம் வரை அந்தத் தெருப் பெண்கள் எங்கள் கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். எங்கள் ஆள் இறைத்து உயரத்திலிருந்து ஊற்றுவான். அவனுக்கு மனம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இப்போது அவர்களே சொந்த வாளி, சொந்தக் கயிறு போட்டு இறைக்கிறார்கள். இரண்டே மாதத்தில் நான் போய் மூடினால், ‘கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டான், தீட்டுப் பார்க்கிறான்’ என்பார்கள். நீ விருதுநகரில் பேன் காற்றில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லலாம். இங்கே பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது.

உன் அக்கா உன் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். மூன்று நாளாகக் குழம்பில் உப்பில்லை. கேட்டதற்கு, “கெணத்துலதான் கெடக்காமே, அள்ளிப் போட்டுக்கிடுங்க” என்கிறாள். உன்னால் நான் கெட்டது இதுதான்.

சங்கையா

*

விருதுநகர்
2-10-1963

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மிளகாய்ச் செடியைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். பெருமைப்படுங்கள், அவர் எழுந்து நின்றுவிட்டார். “அதுதானய்யா சாட்சி” என்றார். வெடியுப்பு என்பது பயிருக்கு உரம். கடையில் மூட்டை மூட்டையாக விற்கிறார்களே, கிட்டத்தட்ட அதே சரக்குதான். கம்பெனி உங்களுக்கு ஓசியில் உரம் போடுகிறது. செடிக்கு நல்லது. நமக்கும், தடித்த தோலும் தொந்தியும் உள்ளவர்களுக்கு, பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பச்சைப் பிள்ளையின் வயிற்றில் மட்டும் அது வேறொன்றாக மாறி, ரத்தம் காற்றைச் சுமக்கிற வேலையை நிறுத்திவிடுகிறது. பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டே மூச்சு முட்டிச் சாகிறது. நூற்றிருபது பேரும் கல்லுக்குண்டாக இருப்பதற்கும் ஒரு குழந்தை நீலமாகப் போவதற்கும் நடுவில் முரண்பாடே இல்லை மச்சான்.

செப்டம்பர் 28 அன்று நான் வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. பழைய சோறு கூட அங்கே தின்ன மாட்டேன் என்று என் வயிற்றின்மேல் சத்தியம் செய்திருந்தேன். பஸ் நிற்கிற விலக்கில் வாடகைச் சைக்கிள் எடுத்து, கேரியரில் பெட்டியைக் கட்டி, இரண்டு தடவை சங்கிலி கழன்று, ஒரு தடவை நானே கழன்று வந்து சேர்ந்தேன். இந்த முறை என் கையாலேயே வாளி விட்டேன். அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசி, கழுத்துவரை ரொப்பி, அங்கேயே அரக்கு வைத்தேன். ஐம்பது வயதுக்கு மூன்று குறைந்தவன் தன் உத்தியோகத்தை முதல்முறையாக முழுசாகச் செய்தான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

மாடத்தியும் வந்தாள். கம்பெனியில் தீபாவளி சீசன், லீவு கொடுக்கவில்லை, மத்தியானச் சோற்று நேரத்தில் ஓடி வந்திருந்தாள். கையெல்லாம் அலுமினியத் தூள் வெள்ளி பூசியிருந்தது. என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

“ஐயா, மைக்குல சொன்னீகளே, பச்சப்பிள்ளைக்குக் காய்ச்சிக் குடுங்கன்னு. நான் காய்ச்சித்தான் குடுத்தேன். ஒரு செம்புத் தண்ணி அரைச் செம்பாச் சுண்டுற மட்டும் காய்ச்சினேன். இன்னுங் கொஞ்சம் காய்ச்சியிருக்கணுமோ?”

மச்சான், காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத் தண்ணீரில் உப்பு கெட்டிப்படும். அவள் சொன்னபடி அரைச் செம்பாகச் சுண்டியிருந்தால் விஷம் இரட்டையாகியிருக்கிறது. அந்தத் தெருவில் என் பேச்சைக் கேட்டு அப்படியே செய்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் விறகுக்கு எங்கே போவது என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

நான் அவளுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “இல்லம்மா, நீ காய்ச்சினது போதும்” என்றேன். சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் வீட்டில் நாத்தனாள் வேலுத்தாய் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மார்கழியில் பேறுகாலம் என்றார்கள். அதற்குள் அந்தக் கிணற்றை மூடியாக வேண்டும். வேறு எதுவும் நான் உங்களிடம் கேட்கவில்லை.

எங்கள் பியூன் மொக்கைச்சாமி இடுப்புப் பிடிப்பு என்று படுத்துக்கொண்டதால் பெட்டியை நானே ரயிலடிக்குத் தூக்கிப் போய் பார்சல் போட்டு ரசீது வாங்கினேன். இதை ஆபீஸ் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வெயிலில் குளிர்ச்சியான இடம் இதுதான். பேன் ஓடி நாலு மாதமாயிற்று, நீங்கள் பொறாமைப்பட வேண்டாம்.

சீனிவாசகம்

*

ஊத்துப்பட்டி
21-10-63

மாப்பிள்ளைக்கு,

வீட்டு வாசலைத் தாண்டிப் போய்க் கீழத்தெருவில் சைக்கிளை நிறுத்தியிருக்கிறாய். ஊர் என்னிடம் கேட்டது, “ஒங்க மச்சினன் ஒங்க வீட்டுக்கு வரலியே, என்ன சங்கதி?” என்று. உன் அக்கா பதில் சொன்னாள்: “அவனுக்கு எங்க வீட்டுத் தண்ணி சேராது.” கூட்டம் சிரித்தது. எனக்கு மட்டும்தான் அவள் என்ன சொன்னாள் என்று தெரியும்.

கம்பெனி மேனேஜர் வந்து போனார். தீபாவளிக்கு இன்னும் மூன்றரை வாரம். லாரி லாரியாக லோடு போகிறது. வடக்கே இருந்து வந்த ஆர்டர் பாதி நிற்கிறது. இந்த நேரத்தில் ‘கம்பெனித் தண்ணீரால் பிள்ளை செத்தது’ என்று பேச்சுக் கிளம்பினால் இன்ஸ்பெக்டர்கள் படையெடுப்பார்கள், பூட்டுப் போடுவார்கள், கீழத்தெருவில் அறுபது பேருக்கு அடுப்பு எரியாது. மாடத்திக்கும் சேர்த்துத்தான். இதை ஊர்க்காவலனிடமே சொன்னேன். “தீவாளி கழியட்டும் மொதலாளி” என்று தலையாட்டிவிட்டான். பிள்ளையின் தகப்பனே பொறுக்கிறான். உனக்கு என்ன அவசரம்?

அந்த மேனேஜருக்கு மேலே ஆள் உண்டு. உன்னைப் பற்றி மொட்டை மனு ஒன்று தயாராகிறது என்று கேள்வி. நான் எழுதவில்லை. தடுக்கவும் இல்லை. காரியாபட்டியில் இடம் காலியாக இருக்கிறதாம், காற்றோட்டமான ஊர்.

சங்கையா

*

விருதுநகர்
25-11-1963

அன்புள்ள மச்சானுக்கு,

தீபாவளி கழிந்தது. இரண்டாவது பாட்டிலின் அறிக்கை வந்துவிட்டது. பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் அந்த உப்பு ஐம்பது பங்குக்குமேல் ஆகாது என்று விதி. உங்கள் ஐயா பேர் பொறித்த கிணற்றில் முந்நூற்றுப் பத்து. கீழே சிவப்பு மையில் ‘குழந்தைகளுக்கு எக்காரணம் கொண்டும் ஆகாது’ என்று ஒரு புண்ணியவான் கோடு போட்டு எழுதியிருக்கிறார்.

அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு ஏப்ரல் அறிக்கையைப் பக்கத்தில் வைத்தார். “ஒண்ணு நல்ல தண்ணிங்குது, ஒண்ணு கெட்ட தண்ணிங்குது. ரெண்டுலயும் ஒம்ம கையெழுத்துதான் இருக்கு. எந்தச் சீனிவாசகத்தை நம்புறது?” என்றார். கோடை முடிந்து மூன்றாவது மாதிரி எடுத்தபின் முடிவு செய்யலாம், அதுவரை உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று பைலில் எழுதிக் கட்டிவிட்டார். உள்ளது உள்ளபடி என்றால் கிணறு திறந்தபடி.

ஆகையால் மச்சான், ஏப்ரல் பாட்டில் பொய் என்று நான் எழுத்தில் ஒப்புக்கொண்டேன். ஈரல் வறுவல், உடைமரம், பதினொரு மணி, மூன்று மணி, ஒன்றையும் விடவில்லை. அதை ஆபீஸ் டைப்பிஸ்ட் இங்கிலீஷில் தட்டினார். தட்டும்போது சந்தேகம் வந்து, “சார், ‘குத்தவச்சி’ன்னா எப்படி அடிக்கிறது?” என்று ஹாலைத் தாண்டிக் கேட்டார். இப்போது மொக்கைச்சாமி உட்பட எல்லாருக்கும் தெரியும். காலையில் நான் நுழைந்தால் ஜன்னலை ஒருவர் திறந்து வைக்கிறார்.

அதுவும் போதவில்லை. “நீர் பார்க்கவே இல்லைங்கறீர். அப்ப அது வேற கிணத்துத் தண்ணின்னு ஒமக்கு எப்படித் தெரியும்? மொண்டவரு எழுதித் தரட்டும்” என்கிறார். நியாயமான கேள்வி. என் வாழ்நாளில் அவர் கேட்ட ஒரே நியாயமான கேள்வி எனக்கு எதிராகப் போயிற்று.

நீங்கள் இரண்டு வரி எழுதினால் போதும். ‘அந்தத் தண்ணீரை நான் என் வீட்டு மேலக்கிணற்றில் மொண்டேன்.’ கீழே கையெழுத்து. அது வந்தால் ஏப்ரல் அறிக்கை செத்துவிடும், மறுநாளே கிணற்றுக்குப் பூட்டு. வராவிட்டால் கோடை முடிகிற வரை திறந்திருக்கும். வேலுத்தாய்க்கு இன்னும் முப்பது நாள். உங்களுக்குக் கொஞ்சம் மானம் போகும். எனக்குப் போனதில் பாதி கூடப் போகாது. நான் பழகிவிட்டேன், சொல்லித் தருகிறேன்.

சீனிவாசகம்

*

ஊத்துப்பட்டி
6-12-63

மாப்பிள்ளைக்கு,

எழுதித் தர மாட்டேன்.

ஆனால் உன்னிடம் சொல்வதற்கு என்ன. அந்தத் தண்ணீரின் ருசி மாறியது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். ஒரு நாள் உழவு மாடு இரண்டும் தொட்டியில் மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் மேலக்கிணறு தோண்டினேன். பழையது மிளகாய்க்குப் பாய்வதோடு சரி, குடிக்க யாரும் எடுக்கவில்லை. மனுஷன் குடித்தால் செத்துப் போவான் என்று நினைத்தா கொடுத்தேன்? கொஞ்சம் கரிக்கும், பழகிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அந்தத் தெரு ஜனங்கள் எதற்குத்தான் பழகவில்லை? பரிசோதனைக்காரன் கரிப்பைப் பார்த்து வேண்டாம் என்று எழுதிவிட்டால் கொடையும் போச்சு, தேர்தலும் போச்சு. அதனால் மேற்கே போனேன். இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

நான் கல்நெஞ்சன் இல்லை. ஒரு ஏற்பாடு செய்தேன். பச்சைப் பிள்ளை உள்ள வீட்டுக்கும் பிள்ளைத்தாய்ச்சி உள்ள வீட்டுக்கும் தினம் இரண்டு குடம் மேலக்கிணற்றுத் தண்ணீர். எங்கள் ஆள் சோலைச்சாமி இறைத்து ஊற்றுவான், அவர்கள் தள்ளி நின்று வாங்கிக்கொள்ளலாம். முன்பு மாதிரி. இதைச் சொன்னதற்கு அந்த மாடத்தி, இத்தனை நாள் குனிந்த தலை நிமிராதவள், என்ன சொன்னாள் தெரியுமா? “எங்களுக்குன்னு கெணறு குடுத்து, கல்லும் நட்டு, மைக்கும் வச்சீக. இப்ப மறுபடியும் குடத்தக் கீழ வச்சுட்டு நிக்கணுமாக்கும். நாங்க ஆத்துல ஊத்துத் தோண்டிக்கிடுதோம் மொதலாளி.” வைப்பாற்று மணலுக்கு ஒன்றரை மைல். தினம் நடக்கிறார்கள். அவர்கள் திமிருக்கு நான் பொறுப்பில்லை.

உன் அக்காவும் அவர்களோடு ஆற்றுக்குப் போய் ஒரு குடம் கொண்டு வந்தாள். எதற்கென்று கேட்டேன். “வீட்டுத் தண்ணி எனக்கும் சேரல” என்றாள். நாற்பத்தெட்டு வயதில் தலையில் குடம். ஊர் பார்க்கிறது.

சங்கையா

*

ஊத்துப்பட்டி
7-1-64

மாப்பிள்ளைக்கு,

நீ கேட்ட இரண்டு வரி இதோடு இருக்கிறது. கையெழுத்து, தேதி, சாட்சிக்கு உன் அக்கா கையெழுத்து. இரண்டு வரிக்குப் பதில் ஐந்து வரி எழுதியிருக்கிறேன். மாடு தலையைத் திருப்பினதும் சேர்த்து.

உனக்குத் தெரிந்ததை நான் மறுபடி எழுத வேண்டியதில்லை, நீயும் ஆஸ்பத்திரியில்தான் நின்றாய். உனக்குத் தெரியாதது மட்டும் எழுதுகிறேன். டிசம்பர் கடைசியில் மூன்று நாள் அடைமழை. ஆற்றில் தண்ணீர் வந்து ஊற்றெல்லாம் மூடிக்கொண்டது. வேலுத்தாய்க்குப் பிரசவமாகி எட்டு நாள், காய்ச்சல், பால் இல்லை. மாடத்தி மானத்தை விட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு மேலக்கிணற்றுக்கு வந்திருக்கிறாள். ஊற்றுவதற்குச் சோலைச்சாமி இல்லை, மழைக்கு அவன் வரவில்லை. வாளி கிடந்தது, கயிறு கிடந்தது. தொடலாமா கூடாதா என்று அரை மணி நேரம் மழையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரோ நிற்கிறாள் என்று நினைத்தேன். யாரென்று கேட்கவில்லை.

பிறகு நாலாம் நம்பரில் எடுத்திருக்கிறார்கள். பிள்ளை நீலம் பாய்ந்த சேதி வந்ததும் உன் அக்கா வில்வண்டியைப் பூட்டச் சொல்லி அவளே முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை அவள் மடியில் இருந்ததால் நானும் ஏறினேன். சாத்தூர் ரோடு வரைக்கும் அந்த நகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நாவல்பழம் என்று நீ எழுதியிருந்தாய். அது சரியில்லை. சிலேட்டுக் கலர்.

அந்த டாக்டர் நீல மருந்தை ஊசியில் ஏற்றினார், நீலத்துக்கு நீலம். அரை மணி நேரத்தில் உதடு சிவந்தது. ஆம்பிளைப் பிள்ளை. நீ வராந்தாவில் நின்றுகொண்டு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை கடிதம் எழுதினவன், ஏதாவது நையாண்டியாவது சொல்லியிருக்கலாம்.

சங்கையா

*

விருதுநகர்
27-1-1964

அன்புள்ள மச்சானுக்கு,

அன்றைக்கு நையாண்டி வரவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஐந்து வரியை மேலதிகாரியிடம் கொடுத்தேன். ஏப்ரல் அறிக்கை செல்லாது என்று எழுதினார். 18-ஆம் தேதி கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டினோம். பூட்டுகிறபோது மாடத்தி பக்கத்தில் வந்து நின்றாள். அவளிடம் இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன், காய்ச்சக் காய்ச்ச அந்த உப்பு கூடத்தான் செய்யும், காய்ச்சச் சொன்னது நான் என்று. கேட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். “அப்ப நான் காய்ச்சாமலே குடுத்திருந்தா பொழச்சிருக்குமோ ஐயா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

அவர்களுக்குப் புதுக் கிணறு எப்போது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். கோடை முடிந்து பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. அதுவரை ஆறு. கம்பெனிக்காரர்கள் குழியை மூடிவிட்டோம் என்று எழுதித் தந்தார்கள். போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருக்கிறார்கள். புதுக் குழி எண்பதடி தள்ளி வெட்டியிருக்கிறார்கள். மேற்கே. உங்கள் மேலக்கிணற்றுப் பக்கமாக. நீங்கள்தான் இடம் காட்டினீர்களாம், கீழத்தெருப் பக்கம் வேண்டாம் என்று. அக்காவிடம் சொல்லி மாட்டைத் தொட்டியில் அடிக்கடி மோந்து பார்க்க விடச் சொல்லுங்கள். பஞ்சாயத்தில் நீங்கள் தோற்றதைக் கேள்விப்பட்டேன். அந்த ஐந்து வரியை எதிராளி சைக்ளோஸ்டைல் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தாராமே. அது எங்கள் ஆபீசிலிருந்துதான் வெளியே போயிருக்கும். மன்னிக்கவும்.

எனக்குக் காரியாபட்டி உத்தரவாகிவிட்டது. மாதிரி எடுத்ததில் கவனக்குறைவு, உண்மைக்கு மாறான சான்று என்று இரண்டு குற்றம். மேலே இன்க்ரிமெண்டும் நிறுத்தம். எல்லாம் ஏப்ரல் பாட்டிலுக்குத்தான். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். ஒரு பாட்டிலில் தண்ணீர் மாறினதால் ஒரு பிள்ளை செத்தது என்ற கணக்கில், மச்சான், நீங்களும் நானும் இந்த ஐந்து மாதமாக ஒருவரையொருவர் கடித்துக் குதறினோம். அந்தக் கணக்குச் சரி என்று நேற்று மத்தியானம் வரை நம்பினேன்.

நேற்று மத்தியானம் என் சாமான்களைக் கட்டினேன். ஆபீஸ் தண்ணீர்ப் பானை என் சொந்தப் பானை, தூக்கச் சொன்னேன். மொக்கைச்சாமி தயங்கினான். பானைக்கு அடியில் முக்காலி இல்லை, ஒரு மரப்பெட்டி இருந்தது. “முக்காலி கால் ஒடிஞ்சு போச்சு சார். ஏப்ரல்ல இந்தப் பெட்டிய நீங்க ரயிலடிக்குக் குடுத்து விட்டீகளே, அன்னைக்குப் பாத்து இடுப்புப் பிடிச்சுக்கிடுச்சு. நாளைக்குக் கொண்டு போவோம்னு வச்சேன்” என்றான். காகிதங்கள் தனிக் கவரில் தபாலில் போயிருக்கின்றன. ‘தண்ணீர் தெளிவாக உள்ளது, ருசி நன்று’ என்று நான் எழுதின குறிப்பும் அதோடு போயிருக்கிறது. தண்ணீர் போகாமலே பதினாறு நாளில் பதில் வந்திருக்கிறது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். மரத்தூளுக்குள் உங்கள் வீட்டுத் தண்ணீர் கழுத்துவரை அப்படியே நிற்கிறது. அரக்கில் என் கட்டை விரல் ரேகை கூட அழியவில்லை.

சீனிவாசகம்